ஏழு மாகாணங்களின் கோட்டை

மன்னார்க் கரையின் கதை – 17

சென்ற இதழில் தோட்டவெளியில் நின்றோம். 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் படை மன்னார்த் தீவுக்குள் இறங்கியதையும், புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய மக்களை வெட்டிச் சாய்த்ததையும் பார்த்தோம். மாண்டவர்கள் அறுநூறு, எழுநூறு பேர் என்பது மரபு. அவர்கள் நினைவாகவே வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவ்வூரில் நிற்கிறது. ஒருவன் வாயால் சொன்னதே சட்டமாயிருந்த ஆட்சி அது. அவனை மறித்து ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு சபை இல்லை, ஒரு நீதிமன்று இல்லை.

இந்த இதழில் வருவது அதற்கு நேர்மாறான ஆட்சி. அங்கே ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை எல்லா உறுப்புகளுக்கும் இருந்தது. ‘ஆகட்டும்’ என்று சொல்லி ஒரு காரியத்தை முடித்துவைக்கும் அதிகாரந்தான் எவரிடமும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆட்சி மன்னார்க் கோட்டையில் 137 ஆண்டுகள் கொடி பறக்கவிட்டது. ஒல்லாந்தர் என்று நாம் அழைத்தவர்களின் ஆட்சி.

1658 பெப்ரவரியில் ரைக்ளொஃப் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர் படை போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரைப் பறித்தது. சண்டை செய்துதான் பறித்தது. 1795 அக்டோபர் 5ஆம் தேதி அதே கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது முற்றுகை இல்லை, போர் இல்லை. நாற்புறமும் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் கடலைப் பார்த்தபடி பீரங்கிகள். எல்லாம் இருந்தும் கோட்டை பேசாமல் கைமாறியது.

ஆங்கிலேயரின் கடற்படை பெரிது, கோட்டையிலிருந்த காவற்படை சிறிது என்று வழக்கமான நூல்கள் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அது பொய்யல்ல. ஆனால் கடலை ஆண்ட ஒல்லாந்தரின் கடற்படை ஏன் சிறுத்தது, 137 ஆண்டு காத்த கோட்டைக்கு ஏன் ஆளில்லாமல் போயிற்று என்று கேட்டால், விடை மன்னாரில் கிடைக்காது. அதைத் தேடி ஹேக் நகரத்துக்குப் போகவேண்டும்.

கோட்டையின் சொந்தக்காரர் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். மன்னாரில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தோருக்குக் கீழ்ப்பட்டவர். கொம்மாந்தோர் கொழும்பு ஆளுநருக்குக் கீழ். கொழும்பு ஆளுநர் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இருந்த தேசாதிபதிக்கும் அவரது ஆலோசனைச் சபைக்கும் கீழ். அவர்களுக்கும் மேலே, ஐரோப்பாவில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பதினேழு பணிப்பாளர்கள். மன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு கேள்விக்கு அவர்களிடமிருந்து பதில் வர ஒரு வருடத்துக்கு மேலாகும். தூரத்தின் குற்றம் அது. போர்த்துக்கேயருக்கும் ஆங்கிலேயருக்கும் கூட அதே கடல்தான். ஒல்லாந்தரின் தனிச் சிக்கல் அந்தப் பதினேழு பேர் எப்படி அமர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது.

1602இல் கம்பனி பிறந்தபோது ஆறு துறைமுக நகரங்களின் வணிகர்கள் தனித்தனிக் கிளைகளாகவே அதில் சேர்ந்தார்கள்: அம்ஸ்டர்டாம், சீலண்டின் மிடில்பர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹவுசன். ஒவ்வொரு கிளைக்கும் தன் கப்பல், தன் களஞ்சியம், தன் கணக்கு. பொதுச் சபையில் அம்ஸ்டர்டாமுக்கு எட்டு இடம், சீலண்டுக்கு நான்கு, மற்ற நான்கு நகரங்களுக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் பதினாறு. அதில் பாதி அம்ஸ்டர்டாமின் கையில். அது பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்பதற்காகவே பதினேழாவது இடம் ஒன்றை உண்டாக்கி, சீலண்டும் சிறிய நகரங்களும் முறைவைத்து நிரப்பும்படி செய்தார்கள். ஒருவர் மற்றவரை விழுங்கிவிடுவார் என்ற அச்சம் கம்பனியின் அடித்தளத்திலேயே கல்லாகப் பதிக்கப்பட்டது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். சிறியவர் பெரியவருக்கு அஞ்சுவது எந்தக் கூட்டிலும் இயல்பு. அந்த அச்சத்துக்கு என்ன மருந்து கொடுக்கிறோம் என்பதில்தான் ஒரு நாட்டின் விதி இருக்கிறது.

கம்பனி தன் நாட்டின் அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தது. 1579 ஜனவரியில் உட்ரெக்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையே அந்த நாட்டின் அடிப்படை. ஸ்பானிய மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்த மாகாணங்கள் ஒன்றையொன்று காப்பதாகச் செய்துகொண்ட போர்க்கால ஒப்பந்தம் அது. ஒரு நாட்டைக் கட்டுவது அப்போது அவர்களின் எண்ணமாக இருக்கவில்லை. ஆனால் இருநூறு ஆண்டுக்கும் மேலாக அதுவே அரசியலமைப்பாக நிலைத்துவிட்டது. ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட், ஹெல்டர்லண்ட், ஓவரைசல், ஃபிரீஸ்லண்ட், குரோனிங்கன் என்று ஏழு மாகாணங்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் இறைமையுள்ள அரசு.

ஹேக் நகரில் ஒரு பொது அவை கூடியது. எத்தனை பேர் வந்தாலும் ஒரு மாகாணத்துக்கு ஒரு வாக்கு. அவையின் தலைமை வாரத்துக்கு ஒரு மாகாணமாகச் சுற்றிவரும். போர், சமாதானம், புதிய வரி ஆகியவற்றுக்கு ஏழும் ஒருமனப்படவேண்டும். அவைக்கு வந்தவர்கள் தம் சொந்த மதிப்பீட்டில் வாக்களிக்கவும் முடியாது. பெரிய கேள்வி எழுந்தால் ஊருக்குத் திரும்பி மாகாணச் சபையைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். மாகாணச் சபைக்கு வந்த நகரப் பிரதிநிதிகளும் தத்தம் நகர மன்றத்தைக் கேட்கவேண்டும். ஹேக்கில் ஒரு தீர்மானம் பிடிவாதமாக ‘மாட்டோம்’ என்ற ஒரே நகரத்தால் மாதக்கணக்கில் தொங்கிக் கிடக்கலாம்.

பணம் இன்னும் மோசம். பொது அவைக்குக் குடிமக்களிடம் நேரே வரி வாங்கும் அதிகாரம் இல்லை. செலவைக் கணக்கிட்டு மாகாணங்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பும். அதில் ஹொலண்ட் மட்டும் நூற்றுக்கு 58 அளவில் சுமந்தது. மற்றவை கொடுத்தால் கொடுத்தன. நிலுவை வைத்தால், வசூலிக்கப் படை அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. கூட்டாளியின் மீது படை அனுப்புவதென்றால் அதற்குப் பிறகு கூட்டு எங்கே?

கடற்படையும் ஒன்றல்ல, ஐந்து: அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், சீலண்ட், வட ஹொலண்ட், ஃபிரீஸ்லண்ட். ஐந்து கடற்படைச் சபைகளும் தனித்தனியே சுங்கம் வசூலித்துத் தனித்தனியே கப்பல் கட்டின.

இப்படிப்பட்ட அமைப்பு எழுபது எண்பது ஆண்டு ஸ்பெயினோடு பொருதி வென்றது எப்படி? போர்த்துக்கேயரைக் கிழக்குக் கடலிலிருந்து துரத்தியது எப்படி? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தால் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம். முதலாவது காரணம் பொது எதிரி. கதவருகே ஸ்பானியப் படை நிற்கும்போது பிணக்குகள் தள்ளிவைக்கப்பட்டன. இரண்டாவது, ஹொலண்டின் செல்வம். பாதிக்கு மேல் செலவைத் தாங்கிய மாகாணம் நடைமுறையில் மற்றவற்றுக்கும் தலைமையானது. மன்னார் வீழ்ந்த 1658இல் ஒல்லாந்தரின் அரசியலை நடத்திக்கொண்டிருந்த ஜொஹான் டி விட் பட்டத்தளவில் ஹொலண்ட் மாகாணத்தின் ஊழியர் மட்டுமே. அவரது திறமையும் அம்ஸ்டர்டாமின் பணமும் சட்டத்தில் இல்லாத ஒரு மத்திய அரசை உண்டாக்கி வைத்திருந்தன. 1648இல் ஸ்பெயினோடு சமாதானம் செய்தபோது சீலண்ட் கடைசிவரை எதிர்த்தது. மற்றவர்கள் ஒருமன விதியை ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள். விதியைக் காத்தால் காரியம் நடக்காது, காரியத்தை நடத்தினால் விதி மீறப்படும். அந்த ஒன்றியத்துக்கு இடைவழி ஒன்று இருக்கவில்லை.

மனிதரின் திறமையில் தொங்கும் அரசுக்கு மனிதரின் ஆயுள்தான். 1672இல் பிரெஞ்சுப் படை புகுந்து மூன்று மாகாணங்களை விழுங்கியது. அந்த ஆண்டிலேயே டி விட் ஹேக் நகரத் தெருவில் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். அதே 1672இல் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்குள்ளும் வந்து நின்றது. ஐரோப்பாவில் ஒரு ஒன்றியம் தள்ளாடினால் நம் துறைமுகங்களில் அலை உயரும் என்பதற்கு அது முதல் அடையாளம்.

மன்னார்க் கரையில் இந்த ஆட்சி எப்படி உணரப்பட்டது? இங்கேதான் மனம் கசக்கும் ஒரு முரண். உட்ரெக்ட் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, எவரும் தன் மதத்துக்காக விசாரிக்கப்படவோ துன்புறுத்தப்படவோ கூடாது என்றது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது அரிதான வாக்கு. ஆனால் அந்த ஒன்றியத்தின் பெயரால் வந்த கம்பனி மன்னாரில் கத்தோலிக்கக் கோவில்களைப் பறித்தது. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே ஆணை பிறப்பித்தது. தோட்டவெளியிலும் பேசாலையிலும் செபமாலை சொன்ன மக்கள் மறைந்து செபிக்கவேண்டியதாயிற்று. மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் மருதமடுவுக்குப் போனது 1670இல் என்று மடுத் திருப்பதியின் மரபு சொல்கிறது.

ஏழு மாகாணங்களுக்கும் தம் உரிமையைக் காக்க உடன்படிக்கை இருந்தது. மன்னார்க்காரனுக்கு அந்த அவையில் வாக்கில்லை, அந்த உடன்படிக்கையில் பெயரில்லை. உறுப்புகளின் சுதந்திரத்தை மட்டும் காக்கும் ஒன்றியம் தனி மனிதனைக் காப்பதில்லை. மாகாணத்தின் உரிமை வேறு, மனிதனின் உரிமை வேறு. தளர்ந்த ஒன்றியத்தின் குறைகளைப் பேசுகிறவர்கள் படையையும் பணத்தையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது. எந்தக் குடிமகனும் நேரே போய் முறையிடக்கூடிய ஒரு மத்திய நீதிமன்று அந்த அமைப்பில் இல்லை. ஹேக் நகரத்தவனுக்கே இல்லாதபோது தோட்டவெளிக்காரனுக்கு எங்கிருந்து வரும்?

கம்பனி இங்கிருந்து எடுத்துச் சென்றவற்றைச் சென்ற இதழ்களில் விரிவாகப் பார்த்தோம்: முத்து, சங்கு, சாயவேர், வன்னியிலிருந்து யானை. அந்த யானைத் திறையில் ஒரு செய்தி நம் பொருளுக்கு உதவுகிறது. பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, தென்னமரவடி என்ற வன்னிமைகள் கம்பனிக்கு ஆண்டுதோறும் யானை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தன. அவை பிந்தின, குறைத்தன, சில ஆண்டுகளில் நிறுத்தியே விட்டன. யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தோர் ஹென்ட்ரிக் ஸ்வார்தக்ரூன் 1697இல் தமக்குப் பின் வருபவர்களுக்காக எழுதி வைத்த குறிப்பில் இந்த நிலுவைகள் பெரிய தலையிடியாகவே வருகின்றன. ஹேக்கில் மாகாணங்களோடு பொது அவை பட்ட பாட்டை இங்கே வன்னியர்களோடு கம்பனி பட்டது.

ஆனால் வன்னியர்களின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு துயரம் தெரியும். அத்தனை வன்னிமைகளும் தமிழ் பேசின, அநேகமாக ஒன்றுக்கொன்று மண உறவு கொண்டிருந்தன, ஒரே எதிரியை எதிர்கொண்டன. ஆயினும் ஒரு பொதுப் படையோ ஒரு பொதுக் கருவூலமோ அவற்றுக்கு இருந்ததில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே கம்பனியோடு பேசினார்கள், தனித்தனியே கண்டியோடு உறவு வைத்தார்கள். 1780களின் தொடக்கத்தில் நாகல் என்ற ஒல்லாந்த அதிகாரி வன்னியை அடக்கியபோது ஒவ்வொன்றாகவே அடக்க முடிந்தது. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்துக் காட்டிய வீரம் நம் நெஞ்சில் நிற்பது. அக்டோபர் 31ஆம் தேதி கற்சிலைமடுவில் வான் டிரிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தபோது அவனுக்குப் பின்னால் ஒரு நாடு நின்றிருக்கவில்லை. காடும் சில துணைவர்களுமே நின்றார்கள்.

இனி ஐரோப்பாவுக்கு. 18ஆம் நூற்றாண்டில் ஏழு மாகாணங்களின் ஒன்றியம் மெல்ல முடங்கியது. உள்நாட்டு மாகாணங்களுக்குப் பிரான்ஸ் பயம். தரைப்படையைப் பெருக்கவேண்டும் என்றன. அம்ஸ்டர்டாமின் கண் கடலில். கப்பல் கட்டவேண்டும் என்றது. ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பணம் தர மறுத்தார்கள். தசாப்தங்கள் கழிந்தன. தரைப்படையும் வளரவில்லை, கடற்படையும் வளரவில்லை. 1780 டிசம்பரில் பிரித்தானியா போர் அறிவித்தபோது அந்தத் தாமதத்தின் விலை தெரிந்தது. 1781 நவம்பரில் நாகபட்டினம் போயிற்று. 1782 ஜனவரியில் திருகோணமலை போயிற்று. திருகோணமலையை அதே ஆண்டு ஆகஸ்டில் மீட்டவர்கள் ஒல்லாந்தர் அல்லர். சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை மீட்டுக் கொடுத்தது. நாகபட்டினம் திரும்பவே இல்லை. நமக்கு எதிர்க்கரையின் பெரிய துறைமுகம் அன்றோடு ஆங்கிலேயருக்கானது. பாக்குநீரிணையில் கம்பனிக் கப்பல்களின் நடமாட்டம் இனிப் பிறர் தயவில்.

அந்த நாட்களில் உலகின் மறுபுறத்திலும் ஒரு தளர்ந்த ஒன்றியம் திணறிக்கொண்டிருந்தது. பிரித்தானியாவிடமிருந்து பிரிந்த பதின்மூன்று அமெரிக்க மாநிலங்கள் 1781 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கூட்டுறுதி உட்ரெக்ட் உடன்படிக்கையை நினைவூட்டும். மாநிலத்துக்கு ஒரு வாக்கு. முக்கியமான முடிவுக்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும், திருத்தத்துக்குப் பதின்மூன்றும் வேண்டும். வரி வாங்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை. போர்க்கடனை அடைக்க இறக்குமதிப் பொருளுக்குச் சிறு வரி விதிக்கக் காங்கிரஸ் கேட்டபோது, 1782இல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் தனித்து நின்று தடுத்தது. மறுபடி கேட்டபோது நியூ யோர்க் தடுத்தது. 1783 ஜூனில் சம்பளம் கிடைக்காத போர்வீரர்கள் பிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடிய கட்டிடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைக் கலைக்கத் தனக்கென்று ஒரு படையில்லாத காங்கிரஸ் நகரத்தை விட்டே வெளியேறியது. சுதந்திரத்தை உறுதிசெய்த பாரிஸ் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுக்கக் கூட ஒன்பது மாநிலங்களின் பிரதிநிதிகள் உடனே வந்து சேரவில்லை. 1784 ஜனவரிவரை காத்திருக்க நேர்ந்தது.

1787இல் பிலடெல்ஃபியாவில் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டது. அதை ஆதரித்து அந்த ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் மடிசன், அலெக்சாண்டர் ஹமில்டனின் துணையோடு பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளில் ஒன்று முழுக்க முழுக்க ஒல்லாந்தரின் ஏழு மாகாண ஒன்றியத்தைப் பற்றியது. ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைத் தொடரில் அது இருபதாவது. மன்னார்க் கோட்டையின் மேல் பறந்த கொடி அந்த நேரத்தில் அமெரிக்கர்களுக்கு ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்காட்டப்பட்டது என்று எண்ணும்போது, நம் கடலோரம் உலக வரலாற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்ததாக நாமே நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

அமெரிக்கர் செய்த மாற்றத்தின் உயிர்நாடி ஒன்றுதான். முன்பு மத்திய அவை மாநிலங்களைப் பார்த்துக் கேட்டது. மாநிலம் இரங்கினால் உண்டு. இப்போது மத்திய அரசு தனக்கு ஒதுக்கப்பட்ட துறைகளில் குடிமகனோடு நேரே பேசியது. தானே வரி வாங்கியது, தானே படை வைத்தது, தன் சட்டத்தைத் தன் நீதிமன்றில் நடத்தியது. மற்றத் துறைகள் மாநிலத்தின் கையிலேயே இருந்தன. சிறியவருக்குப் பெரியவர் மேலிருந்த அச்சத்துக்கும் மருந்து கொடுத்தார்கள்: ஒரு சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம், மேல் சபையில் எல்லா மாநிலத்துக்கும் சமமாக இரண்டிரண்டு இடம். ‘தடுக்கும் உரிமை’ என்ற ஒல்லாந்த மருந்தை அவர்கள் எடுக்கவில்லை. குறையற்ற அமைப்பல்ல அது. அடிமைத்தனத்தை அது அணைத்துக்கொண்டது, அதற்காகப் பின்னர் ஒரு உள்நாட்டுப் போரையே கண்டது. ஆனால் காங்கிரஸ் மீண்டும் ஒருமுறை சம்பளமில்லாத வீரர்களுக்கு அஞ்சி நகரத்தை விட்டு ஓடவில்லை.

இந்த இடத்தில் நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1926இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று எழுதினார், பேசினார். அடுத்து கண்டியச் சிங்களத் தலைவர்கள் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சமஷ்டி கேட்டார்கள். 1949 டிசம்பரில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி அதே கோரிக்கையோடு பிறந்தது. அன்றிலிருந்து சமஷ்டி என்றாலே நாடு ஏழாகச் சிதறும் என்ற பயம் மேடை மேடையாக ஊட்டப்பட்டு வருகிறது. சிதறியவை எவை என்று பார்த்தால், அவை ஹேக்கில் இருந்தது போன்ற ஒன்றியங்கள்: மத்தியில் வரியில்லை, படையில்லை, நீதிமன்றில்லை, உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தடுக்கும் உரிமை. சமஷ்டி அந்த நோய்க்கு மனிதர் தேடிக்கண்ட சிகிச்சைகளில் ஒன்று. அதில் மத்திக்கு உண்மையான அதிகாரம் உண்டு, மாகாணத்துக்கும் மத்தி பறிக்க முடியாத அதிகாரம் உண்டு, இரண்டுக்கும் மேலே சட்டம் உண்டு. 1544ஐக் கண்ட மண்ணில் நின்று இதைச் சொல்கிறேன். வரம்பில்லாத மத்தி என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

1795க்கு வருவோம். ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை உறைந்த ஆறுகளைக் கடந்து ஒல்லாந்த மண்ணுக்குள் புகுந்தது. ஓரேஞ்ச் இளவரசர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகொன்றில் இங்கிலாந்துக்குத் தப்பினார். பெப்ரவரி 7ஆம் தேதி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ அரண்மனையிலிருந்து தம் நாட்டுக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர் வந்துவிடாமல் காப்பதற்காக ஆங்கிலேயப் படையைக் கோட்டைகளுக்குள் நட்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடிதம் கொழும்புக்கு வந்தபோது ஆளுநர் ஜொஹான் ஹெரார்ட் வான் அங்கல்பேக் முன்னால் எழுந்த கேள்வி: இப்படி எழுத இவருக்கு அதிகாரம் உண்டா? வில்லியம் அரசர் அல்லர். ஏழு மாகாணங்களும் தனித்தனியே நியமித்த தலைமை அலுவலர், ஒன்றியத்தின் படைத்தளபதி. இறைமை மாகாணங்களிடம். மாகாணங்களோ இப்போது பிரெஞ்சு நிழலில் பத்தாவியக் குடியரசு என்ற புதுப் பெயரோடு வேறு ஆணை அனுப்பக்கூடும். ஆங்கிலேயர் நண்பரா, பகைவரா? நாட்டின் பெயரால் பேசுபவர் கியூவில் இருக்கிறாரா, ஹேக்கில் இருக்கிறாரா? ஏற்கெனவே எவரும் முழுதாகப் பேச முடியாத நாடு; நெருக்கடி வந்ததும் இரண்டு வாயாகப் பேசியது.

அங்கல்பேக் முதலில் பாதி இணங்கினார். முந்நூறு ஆங்கிலேய வீரர்கள் திருகோணமலையின் ஒஸ்டன்பேர்க் கோட்டைக்குள் வரலாம் என்றார். திருகோணமலைத் தளபதியோ தமக்கு வந்த கட்டளை முறைப்படி இல்லை என்று கதவை மூடினார். முற்றுகை நடந்தது, ஆகஸ்ட் 26ஆம் தேதி திருகோணமலைக் கோட்டை விழுந்தது. பிறகு கொழும்புச் சபை எதிர்ப்பது என்று மனம் மாறியது. அதற்குள் ஒல்லாந்தருக்குக் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் படையான டி மெயூரன் படைப்பிரிவு, ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஸ்கொத்லாந்துப் பேராசிரியரின் பேரத்தால் ஆங்கிலேயர் பக்கம் மாறிவிட்டது. செப்டம்பர் 18இல் மட்டக்களப்பு, 28இல் யாழ்ப்பாணம், அக்டோபர் 1இல் முல்லைத்தீவு, 5இல் மன்னார். யாழ்ப்பாணமே எதிர்க்காமல் சரணடைந்தபின் மன்னார் அதிகாரி யாரைக் காக்க, எந்தக் கட்டளையின் பேரில் சுடுவார்? கொழும்பு 1796 பெப்ரவரியில் சரணடைந்தது.

தங்கள் நாட்டின் நோய் என்ன என்று ஒல்லாந்தரும் பின்னர் கண்டுகொண்டார்கள். 1798இல் அவர்கள் எழுதிய அரசியலமைப்பு ஏழு மாகாணங்களின் இறைமையை ஒரே வீச்சில் துடைத்துவிட்டு, முழுநாட்டையும் ஒற்றையாட்சியாக்கியது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே பாய்ச்சல். அந்த ஒற்றையாட்சியும் பிரெஞ்சுக்காரரின் விருப்பத்துக்கு ஆடியதே தவிரத் தன் காலில் நிற்கவில்லை. 1802இல் அமியன் உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரம் முழுவதையும், மன்னாரையும் சேர்த்து, பிரித்தானியாவுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

ஆங்கிலேயர் வந்தவுடன் நம் கரைக்கு ஒரே தலைமை கிடைத்துவிடவில்லை. ஆரம்பத்தில் ஆண்டது மதராசிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனி. அது தன் ஊழியர்களை இறக்கியது, தென்னை மரத்துக்கு மரம் வரி போட்டது, 1797இல் கரையோரத்தில் ஒரு கலகத்தையே வரவழைத்துக்கொண்டது. அதே ஆண்டுகளில் அரிப்புக் கடலில், நீண்ட இடைவெளிக்குப் பின், முத்துக்குளிப்பு மறுபடி தொடங்கியது. 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து குளித்தார்கள். அந்த முத்துகள் எங்கே போயின, குளித்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)